சார்ஜா பீஸ்

ஜூன் 3, திங்கள்

பார்சல் ஆபீஸில் இருந்து போன் வந்தது. இரண்டு பெட்டி வந்திருக்கிறதாம், ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஆள் என்றால் நான்தான். ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க்கா உள்ள, அம்மிக்கல்லா?" என்று கேட்டார். ஆம்ப்ளிஃபயர் என்றேன். "பாட்டுப் பெட்டியா இத்தன கனம்?" என்றார். கல்யாணமான புதிதில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது.

இவர் போன கார்த்திகையில் சார்ஜா போனார். ஏதோ கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. அங்கே ஊரைக் காலி செய்துகொண்டு போகிறவர்கள், வீட்டில் சினிமா பார்க்க வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போக முடியாமல் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்களாம். அதை வாங்கிக் கப்பலில் கொச்சிக்கு அனுப்புகிறார். கொச்சியில் இருந்து லாரியில் எனக்கு வருகிறது. கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டு முன் அறையில் அடுக்கி வைத்து விற்கிறேன். இங்கே இருந்தபோதும் இவருக்கு இதுதான் தொழில். அப்போது வருகிறவர்களுக்கு நான் டீ போட்டுக் கொடுத்ததோடு சரி. இப்போது டீயும் நானே, கடையும் நானே.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். போலீஸ்காரர் விசாரணைக்கு வந்தபோது முன் அறையைப் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, ரேடியோ ஸ்டேஷன் ஏதாச்சும் நடத்தறீங்களா?" என்றார். சார்ஜாவுக்குப் போகப் போகிறேன், அங்கே வீட்டுக்காரர் இருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அடுத்த மாசம் ஃபேமிலி விசா போட்டுர்றேன் புள்ள" என்று இவர் சொல்லியிருக்கிறார். தை மாதத்தில் இருந்தே அடுத்த மாசம்தான். இருந்தாலும் இந்த முறை பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்: நான் போய் இவரோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அண்ணனிடம் சொன்னால் "ஊரு பூரா வெயிலாக் கெடக்குது, அங்க போயி என்ன பண்ணப் போறே?" என்பான். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 5, புதன்

ஒரு பீஸ் விற்றது. வாங்கியவர் கல்லூரி வாத்தியார். இந்த ஆம்ப் எல்லாம் ஏழு ஸ்பீக்கருக்குப் பாட வேண்டியவை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்பீக்கர். அதன் ஒயரை, ஆம்ப் பின்னால் ஸ்பீக்கர் சொருகுகிற ஒவ்வொரு வாயிலும் கழற்றி மாட்டி, ஏழும் பாடுகிறது என்று காட்ட வேண்டும். அதுதான் முறை. ஒரு வாயைக் காட்டாமல் விட்டாலும் வாங்குகிறவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

எல்லோரும் ஹெலிகாப்டர்தான் கேட்கிறார்கள். ஹெலிகாப்டர் தலையைச் சுற்றிப் பறக்கிற மாதிரி ஒரு சத்தம் இருக்கிறது, அதை எல்லோரும் போனில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். என் ஒற்றை ஸ்பீக்கரில் அது பறக்காது, ஒரே இடத்தில் நின்று இரையும். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு, ஹெலிகாப்டர் எங்கே போகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். எங்கேயும் போகவில்லை சார் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 8, சனி

வயிறு சரியில்லை. ரசம் மட்டும்.

ஜூன் 11, செவ்வாய்

இவர் பேசினார். நம்ம ஊர் நம்பரிலேயே பேசுகிறார். கம்பெனியில் அப்படி ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறார்களாம். முகம் பார்த்துப் பேசுவதற்குத்தான் அங்கே தடையாம்.

குரல் கட்டியிருந்தது. "ஏனுங்க, சளியா?" என்றேன். "காலைல ஒரே குளிரு புள்ள, மழ வேற" என்றார். நான் டிவியில் பார்த்தபோது சார்ஜா பக்கம் தார் உருகிக்கொண்டிருந்தது. கேட்டேன். கொஞ்சம் இருமிவிட்டு, "ஏசிக் குளிரு. கிடங்குல பூரா ஏசி" என்றார். ஏசியில் மழை எப்படிப் பெய்யும் என்று அப்புறம்தான் தோன்றியது. அதற்குள் வைத்துவிட்டார். ஏசியில் தண்ணீர் ஒழுகுவது உண்டுதானே, எங்கள் பல் டாக்டர் கிளினிக்கில் பக்கெட்டே வைத்திருக்கிறார்கள்.

நடுவில் யாரிடமோ "ஆய்து, ஆய்து" என்றார். அது கன்னடம். மங்களூர்க்காரர் ஒருவர் கூட தங்கியிருக்கிறாராம். மனுஷன் போன இடத்தில் ஒரு பாஷையும் கற்றுக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா பிரியாணி கொடுத்துவிட்டார்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் தம்பியும் சார்ஜாவில்தான் இருக்கிறார். "அங்கெல்லாம் நேத்தே பெருநாள் முடிஞ்சுருச்சு கோதை" என்றார்கள்.

காலையில் இவர் பேசும்போது, "இன்னிக்குத்தான் புள்ள இங்க பக்ரீத். பக்கத்து ரூம்காரங்க இப்பத்தான் தொழுகைக்குப் போறாங்க" என்றாரே.

ஒரே ஊரில் ஒரே பண்டிகை இரண்டு நாளில் எப்படி வரும்? ரொம்ப நேரம் யோசித்தேன். பிறை பார்ப்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். பக்கத்து ரூம்காரர்கள் நம்ம ஊர்ப் பிறையைப் பார்க்கிறவர்களாக இருக்கலாம். நூர்ஜஹான் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என்னையே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

ஜூன் 20, வியாழன்

புதுப் பெட்டி ஒன்று வந்தது. இதுவரை வந்ததிலேயே பெரியது. ஆட்டோக்காரரும் நானும் சேர்ந்துதான் உள்ளே கொண்டுவந்தோம். கறுப்பு, முன்னால் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. பக்கவாட்டில் ஏதோ ஒரு பிள்ளை பச்சை டைனோசர் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டுச் சுரண்டினேன், வால் மட்டும் வந்தது.

ஆடாமல் இருக்கச் சுற்றிலும் செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தார். எல்லாம் ஜிலேபி ஜிலேபியாகக் கன்னட எழுத்து. சார்ஜாவில் எல்லா பாஷைப் பேப்பரும் வரும் போலிருக்கிறது. மங்களூர்க்காரர் வாங்குவாராக இருக்கும். அடுக்களை அலமாரியில் விரிக்க ஆகும் என்று நீவி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "இது நல்ல பீஸு புள்ள, பாத்து நல்ல எடமாக் குடு" என்றார். வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா என்றேன். "சார்ஜா பீஸுதான, எப்பவும் போல அப்படியே சொருகலாம்" என்றார். விசா பற்றிக் கேட்டதும் சிக்னல் போய்விட்டது.

ஜூன் 23, ஞாயிறு

என் நேரமா, என்ன இது என்று தெரியவில்லை.

பேக்கரி வைத்திருக்கும் கதிர்வேலு, பெரிய பீஸைப் பார்க்க மனைவியோடு வந்தார். புதிதாக மாடி கட்டி, மேலே சினிமா பார்ப்பதற்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறாராம். முன்னாலேயே இரண்டு முறை போனில் பேசிவிட்டார், வாங்குவது போல்தான் வந்திருந்தார். ஒரு பை நிறையப் பப்ஸ் வேறு. நான் ஸ்பீக்கர் ஒயரை மாட்டி, பிளக்கைச் சொருகி, ஸ்விட்சைப் போட்டேன்.

உள்ளே இருந்து ஓர் உறுமல் வந்தது. ஹெலிகாப்டர் என்று நினைத்து அந்த அம்மா சிரித்தது. அப்புறம் டப் என்று ஒரு சத்தம். மேல் மூடியின் ஓட்டைகள் வழியாகப் புகை. வத்தல் கருகின மாதிரி ஒரு நெடி. கதிர்வேலு ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். அந்த அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவர் பெட்டியைத் திருப்பிப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஏனுங்க்கா, நூத்தி இருவது வோல்ட்டுன்னு போட்டிருக்குதுங்களே. இது அமெரிக்கா பீஸுங்க. நம்ம கரண்டு இருநூத்தி முப்பது. நடுவுல ஸ்டெப் டவுன் வைக்காம சொருகுனா எரியத்தானுங்க செய்யும்."

"இது சார்ஜாவுல இருந்து வந்ததுங்க."

"சார்ஜாவுலயும் நம்ம கரண்டு மாதிரிதானுங்க. அங்க இத வெச்சு என்ன பண்ணியிருப்பாங்க?"

எனக்கு வோல்ட் தெரியாதா என்ன. அமெரிக்கா பீஸுக்குப் பக்கத்தில், கரண்டைக் குறைத்துக் கொடுக்க, ஸ்டெப் டவுன் என்று செங்கல் மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வந்ததெல்லாம் சார்ஜா பீஸ். அதனால் பின்னால் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

பப்ஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாவம், ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை.

உடனே இவருக்கு அடித்தேன். "ஏனுங்க, பெரிய பீஸு பொகஞ்சு போச்சுங்க" என்றதும், "அட, ஸ்டெப் டவுன் போடாமயா சொருகுனே?" என்று கத்தினார்.

"நீங்கதானுங்க அப்படியே சொருகலாம்னீங்க."

குரலை இறக்கிக்கொண்டு, "யாராச்சும் அமெரிக்காக்காரன் சார்ஜாவுக்குக் கொண்டாந்திருப்பான். நான் கவனிக்கல" என்றார்.

சரிதான். கொண்டுவந்திருப்பான். ஆனால் கவனிக்காதவருக்கு ஸ்டெப் டவுன் என்ற பேச்சு எப்படி முதலில் வந்தது? கவனித்தவர் என்றால் ஏன் என்னை அப்படியே சொருகச் சொன்னார்? இந்தப் பக்கம் இருந்து யோசித்தாலும் அந்தப் பக்கம் இருந்து யோசித்தாலும் ஒரே சுவரில் போய் முட்டுகிறது.

ஜூன் 24, திங்கள்

நெடி இன்னும் போகவில்லை. சாம்பிராணி போட்டேன். பப்ஸ் மூன்று சாப்பிட்டேன்.

ஜூன் 26, புதன்

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, உள்ளே பாதி போய்விட்டது, கழற்றி உதிரியாக வேண்டுமானால் யாராவது வாங்குவார்கள் என்றார். போட்டோ எடுத்து, பழைய ஆம்ப் வாங்குகிறவர்கள் எல்லோரும் நெட்டில் பார்க்கிற இடத்தில் போட்டேன். "எரிந்தது. பாகங்களுக்கு மட்டும்" என்று எழுதி என் நம்பரையும் கொடுத்தேன். மறைத்து விற்பது எனக்குப் பிடிக்காது. வாலில்லாத டைனோசரும் தெரிகிற மாதிரி எல்லாப் பக்கமும் எடுத்தேன்.

ஜூன் 29, சனி

இன்று ஒரு போன். பெங்களூரில் இருந்து ஸ்ரீவத்சன் என்று ஒருத்தர். நல்ல மரியாதையான பேச்சு.

"மேடம், அந்த டைனோசர் ஸ்டிக்கர் எம் பையன் ஒட்டினது. அது என்னோட ஆம்ப். அமெரிக்காலேர்ந்து வர்றச்சே கொண்டுவந்தேன். எரிஞ்சுபோச்சுன்னு போட்ருக்கேளே, மனசே கேக்கலை. தப்பு என்னோடது. அதோட ஸ்டெப் டவுன் இங்க லாஃப்ட்லயே இருக்கு, குடுக்க மறந்துட்டேன்."

"நீங்க சார்ஜாவுல எப்பங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"சார்ஜாவா? நான் அந்தப் பக்கமே போனதில்லையே. இங்க ஜெயநகர்ல, எங்காத்துலதான் வித்தேன், போன மாசம். குணசீலன் சார்னு ஒருத்தர். அவரும் மேடமும் ஆட்டோல வந்து எடுத்துண்டு போனா. கைக்கொழந்தை வேற. எங்க சோஃபால கக்கிடுத்து, அந்தப் பொண்ணு பாவம் தானே தொடச்சு விட்டுட்டுப் போச்சு. நீங்க அவா ஆளா?"

"ஆமாங்க" என்றேன். "அவரு ஆளுதான்."

எப்போது வேண்டுமானாலும் வந்து டிரான்ஸ்ஃபார்மரை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்தக் குணசீலன் சார் வீடும் பக்கத்தில்தான், தானே காட்டுவதாகவும் சொன்னார்.

குணசீலன் என்பது இவர் பெயர்தான். அதே பெயரில் இந்தத் தொழிலில் இன்னொருத்தர் இருக்கலாம். பெங்களூரில் ஒரு குணசீலன் வாங்கி, சார்ஜாவில் இருக்கிற குணசீலனுக்கு விற்று, அவர் எனக்கு அனுப்பியிருக்கலாம். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். எழுதின எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

நேற்று இட்லிக்கு அரைத்தேன். உளுந்து போடாமலே அரைத்துவிட்டேன் போலிருக்கிறது, இன்று இட்லி கல்லாக இருந்தது. அடுக்களை அலமாரியில் விரித்த கன்னடப் பேப்பரை எடுத்துவிட்டு வேறு விரித்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

இவர் பேசினார். எரிந்த பீஸ் என்ன ஆயிற்று என்று கேட்டார். கேட்டு ஒருத்தர் போன் பண்ணினார் என்றேன். யார் என்று கேட்கவில்லை.

"ஏனுங்க, நான் வந்தா உங்களுக்கு எடஞ்சலா?"

"ஏம்புள்ள இப்படிக் கேக்கறே? விசாதான் லேட்டாகுது. அடுத்த மாசம்..."

அப்போது பின்னால் ஒரு குழந்தை அழுதது.

"டிவி" என்றார்.

சரி. டிவி அழுதது. நான் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து நானும் அழுதேன். யார்மேல் கோபம் என்று தெரியாமல் அழுவது எவ்வளவு கஷ்டம். இவர்மேல் என்றால், ஒருவேளை அது டிவியாகவே இருந்துவிட்டால்? என்மேல் என்றால், நான் என்ன செய்தேன்?

பெங்களூருக்கு ரயில் டிக்கெட் போட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கத்தான் போகிறேன். அமெரிக்கா பீஸ் இனிமேலும் வரலாம், ஒன்று கையில் இருப்பது நல்லது.

ஜூலை 4, வியாழன்

திரும்பி வருகிற ரயிலில் எழுதுகிறேன். ஓசூர் தாண்டியாகிவிட்டது. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. எழுத்து ஆடுகிறது, ரயில் ஆடுவதால்தான்.

ஸ்ரீவத்சன் வாசலிலேயே நின்றிருந்தார். டிரான்ஸ்ஃபார்மரைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். காபி கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள், "உங்க கோயமுத்தூர் ஆள் வந்திருக்கா" என்று அந்த வீட்டுக்குப் போன் செய்து சொல்லியும்விட்டார். பிறகு காரிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். நல்ல மனுஷர்கள் சில நேரம் நம்மை யோசிக்கவே விடுவதில்லை.

பச்சைக் கதவு போட்ட சின்ன வீடு. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஓடிவந்து கதவைத் திறந்தது. என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

"வாங்கக்கா, வாங்க! நீங்கதானா அது? இவரு அடிக்கடி சொல்வாரு. நம்ம பீஸெல்லாம் வித்துக் குடுக்கறதுக்குக் கோயமுத்தூர்ல ஒரு அக்கா இருக்காங்க, ரொம்ப நேர்மை, எரிஞ்சத எரிஞ்சதுன்னே சொல்லித்தான் விப்பாங்கன்னு. எம் பேரு ஹேமாவதி. உக்காருங்கக்கா."

உட்கார்ந்தேன். ரயிலில் வரும்போது கேட்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் வரிசையாக வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட இந்தப் பெண்ணிடம் கேட்பதற்கு இல்லை. அறை முழுக்க ஆம்ப் அடுக்கியிருந்தது, எங்கள் முன் அறை மாதிரியே. ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் எங்கள் வீட்டில் மாதிரியே. அந்தப் பெண் டீ கொடுத்தது. குழந்தையின் பெயர் சாத்விகா என்றது. உங்களுக்குக் கமிஷன் ஒழுங்காகக் கொடுக்கிறாரா, இல்லாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்றது. இவ்வளவு நல்லதாக ஏன் இருக்கிறது இந்தப் பெண் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் திமிராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

நான் போனால் சேர்ந்து இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த வீடு இதுதான். கடல் தாண்ட வேண்டியதே இல்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. இவர் வந்தார். இரண்டு கையாலும் ஒரு பெரிய ஆம்ப்பை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, நிலைப்படியில் முட்டாமல் பக்கவாட்டில் திரும்பி உள்ளே வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். தலைக்கு மை அடித்திருந்தார்.

"பாருங்க, யாரு வந்திருக்காங்கன்னு! கோயமுத்தூர் அக்கா!" என்றது ஹேமாவதி.

இவர் என்னைப் பார்த்தார். ஆம்ப் ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தது. பயமா கனமா என்று தெரியவில்லை. அப்படியே நிற்கிறார், இறக்கி வைக்கவும் தோன்றவில்லை, திரும்பிப் போகவும் தோன்றவில்லை.

"அக்கா, கொஞ்சம் ஒரு கை புடிங்களேன். பாப்பா இடுப்புல இருக்கா" என்றது அந்தப் பெண்.

எழுந்து போய் ஒரு பக்கம் பிடித்தேன். இவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. "கோதை" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. இரண்டு பேருமாகக் குனிந்து, மூலை இடிக்காமல் தரையில் வைத்தோம்.

அப்புறம்தான் நிமிர்ந்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அம்மிணி, நான் வித்துக் குடுக்கற அக்கா இல்லீங். இவரு சம்சாரம்."

வைக்கும் வரை பொறுத்திருந்துதான் சொன்னேன். கையில் இருக்கும்போது சொல்லியிருந்தால் இவர் கீழே போட்டிருப்பார். அந்தப் பீஸ் என்ன பாவம் செய்தது.